இருபதாம் இலக்கம்

ஆமர் வீதிச் சந்தியில் பச்சை விழுந்தது.
மிதித்தேன்.
மொறிஸ் ஒருதரம் விக்கியது,
பிறகு நின்று யோசித்தது.
பின்னால் வந்த தனியார் பஸ்
என் ஏழு தலைமுறையையும்
ஹோர்ணிலேயே விசாரித்தது.

காரின் பிழையில்லை.
போன ஞாயிறு
காபரேட்டரின் பித்தளை மூடியைக் கழற்றி
தையல் மெஷின் எண்ணெய் விட்டவள் நான்.
மேல்வீட்டு பெர்டினண்ட் சொன்னார்,
மெல்லிசா இருந்தாத்தான் பிஸ்டன் சுறுக்கா ஏறும் என்று.
சுறுக்காகத்தான் ஏறியது.
கால் பட்டதும் துள்ளிப் போய்
காற்றை ஒரு வாய் அள்ளிவிட்டு
பெற்றோல் வந்து சேரும்வரை
வெறும் வாயை மென்றது.

சித்திரையில் இதற்கு நேர் எதிர்.
எஞ்சினுக்கு ஊற்றி மிஞ்சிய ஐம்பதை விட்டிருந்தேன்.
பந்தியில் மூன்றாம் முறை சோறு வாங்கியவன்
கைகழுவ எழும்புகிற மாதிரி
எழும்பியது பிஸ்டன்.
பிளக்குகளில் கரி.
மருதானைப் பாலத்தில்
கறுப்புப் புகைக்குள் ஒரு பள்ளிக்கூட வான்
இருமிக்கொண்டு வந்தது.

பஞ்சிகாவத்தையில் நிலாம்தீனின் கடைக்குக்
கதவென்று ஒன்றில்லை,
தொங்கும் சைலன்சர்களை விலக்கிக்கொண்டு போகவேண்டும்.
கியர்பெட்டிச் சிவப்பு ஒயில்தான் என்றான்
கல்லாவில் இருந்த மச்சான்.
முப்பதுக்குக் கீழே இறங்கவேண்டாம் என்றார்
வெறுமனே நின்ற ஒருவர்.
அவரிடம் கார் இல்லை.
நிலாம்தீன் வாயே திறக்காமல்
இருபதை ஒரு இருமல் மருந்துப் போத்தலிலும்
முப்பதை இன்னொன்றிலும் வார்த்தான்.
"கார்ட்டயே கேளுங்க மிஸ்.
ரெண்டுக்கும் ஒரே சல்லி."

அன்று செவ்வாய்.
புதுக்கடையில், ஐந்தாம் இலக்க நீதிமன்றில்
கேள்வி சிங்களத்தில் வரும்
பதில் தமிழில் வரும்
இடையில் நான்.
பிந்தினால் நீதவான் மூக்குக்கண்ணாடியை இறக்குவார்.
முந்தினால்
"தட்டினவர்" என்றாள் சாட்சி.
சிங்களத்திலும் அவை அயல்வீட்டுச் சொற்கள்,
தட்டு, தல்லு.
அவள் வாய் மூடுமுன்னமே
தள்ளினார் என்று சொல்லிவிட்டேன்.
உடனே திருத்தினேன்.
பதிவில் இரண்டும் இருக்கின்றன.

இரவு, வாடகைக் கராஜின் ஒற்றை பல்பில்
எயார் கிளீனரைக் கழற்றி
பழைய எண்ணெயைத் துணித்திரியால் உறிஞ்சி எடுத்து
முதலில் முப்பது.
விரலால் பிஸ்டனைத் தூக்கினேன்.
நித்திரையில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கும் கனம்.
மறுபடி திரி, மறுபடி துடைப்பு,
பிறகு இருபது.
குழல் விளிம்புக்கு மேல் அரை இஞ்சி,
அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை.
விரல் தள்ளியது.
மறுக்கவில்லை, உடனே சம்மதிக்கவுமில்லை.
விட்டதும்
ஒரு தடையுமில்லாமல் கீழே போய்
டொக்.

ஏறும்போது பிடி, இறங்கும்போது விடு என்று
இத்தனை சின்னப் பித்தளைக்கு
யார் சொல்லி வைத்தது?
இன்னும் ஒருமுறை. டொக்.
பத்துப் பன்னிரண்டு தரம்,
பக்கத்து வளவு நாய் குரைக்கும்வரை.

விடியற்காலை, கொட்டாஞ்சேனையிலிருந்து ஆமர் வீதி.
பச்சை.
மிதித்தேன்.
ஓர் இமைப்பொழுது இருக்கத்தான் செய்தது,
பிறகு வண்டி என்னோடு சேர்ந்து கிளம்பியது.
பஸ்காரன் அப்போதும் ஹோர்ண் அடித்தான்,
அவனுக்கு அது மூச்சு.

முப்பதாம் இலக்கம் டாஷ்போர்ட் தட்டில் உருள்கிறது,
லேபலில் இன்னும்
வேளைக்கு இரண்டு தேக்கரண்டி.
இருபது மெல்ல மெல்லக் குறையுமாம்,
மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கவேண்டும்.
பதினான்காம் திகதி
அந்தச் சாட்சியை மறுபடி கூப்பிடுகிறார்கள்.